பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் போதும், டிஸ்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

போன மாதம் ஒரு பதிலின் நடுவே, 'வீட்டுப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வைத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டன. பிரிண்டர் கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

மூன்று போன், ஒரு லேப்டாப், டிராயர் நிறைய பென்டிரைவ் என்று குடும்பப் படங்கள் சிதறிக் கிடக்கின்றன. கூகுளில் 15 ஜிபி நிறைந்துவிட்டது. மருமகன் ரெடிமேட் நாஸ் பெட்டி வாங்கச் சொல்கிறார். பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தால் என் பென்ஷன் தாங்காது. குறைந்த செலவில் வழி உண்டா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

உண்டு ஐயா. மருமகன் சொல்வதும் தப்பில்லை. ரெடிமேட் பெட்டி என்றால் டிஸ்க்கைச் செருகி, போனில் ஆப்பைப் போட்டு அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடலாம். அந்தச் சௌகரியத்துக்குத்தான் காசு. உள்ளே இருக்கும் புராசஸர் பல மாடல்களில் சாதாரணமானதுதான்.

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எந்நேரமும் விழித்திருந்து, கேட்கிறவர்களுக்குக் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். புது கம்ப்யூட்டராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது நம் பக்கம் காற்றடிக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 மெஷின்களை ஆபீஸ்கள் மொத்தம் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் 5040, 7050, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி2, லெனோவா திங்க்சென்டர் எம்710 மாதிரியானவை. சென்னை ரிச்சி தெருவானாலும் எங்கள் மதுரை டவுன்ஹால் ரோடானாலும் பழைய மெஷின் விற்கிற கடைகளில் இவை அடுக்கி வைத்திருக்கும். நாம் போடப்போவது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம். விண்டோஸ் 11 ஓடாது என்பது விற்பவருக்குத்தான் கவலை, நமக்கு விலைக்குறைப்பு.

வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். புத்தகம் போல ஒல்லியாக 'மைக்ரோ', 'டைனி', 'மினி' என்று வருபவை அழகாக இருக்கும், மின்சாரமும் குறைவாகத் தின்னும். ஆனால் அவற்றில் லேப்டாப் அளவு இரண்டரை அங்குல டிஸ்க்தான் உள்ளே போகும். நமக்கு வேண்டியது மூன்றரை அங்குல டிஸ்க். ஆகவே 'எஸ்எஃப்எஃப்' என்கிற படுக்கை கேபினெட் மாடலைக் கேளுங்கள். கடையிலேயே மூடியைத் திறந்து, டிஸ்க் மாட்டும் தட்டு இருக்கிறதா, டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் கேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த மெஷின்கள் பலவற்றில் பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனியின் சொந்த டிசைன். கேபிள் இல்லையென்றால் தெருமுனைக் கடையில் கிடைக்காது. ஆர்ஏஎம் 8 ஜிபி தாராளம்.

இயக்கத்துக்கு ஓப்பன்மீடியாவால்ட் போடுங்கள். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட இலவச மென்பொருள், 2011 முதல் இருக்கிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் அப்புறம் எல்லாமே லேப்டாப் பிரவுசரிலிருந்து செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: அது தான் உட்காரும் டிஸ்க்கில் நம் கோப்புகளை வைக்க விடாது. மெஷினோடு வரும் சின்ன எஸ்எஸ்டியை அதற்குக் கொடுத்துவிட்டு, படங்களுக்குத் தனி டிஸ்க் மாட்டுங்கள். ட்ரூநாஸ் என்று இன்னொன்றைப் பற்றி யாராவது பெருமையாகச் சொல்வார்கள். நல்ல சரக்குதான். ஆனால் நிறைய ஆர்ஏஎம்மும் ஒரே மாதிரி டிஸ்க்குகளும் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் தேவைக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

போனில் எடுக்கும் படம் தானாக வீட்டு சர்வருக்குப் போவதற்கு இம்மிச் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. கூகுள் போட்டோஸ் பழகியவர்களுக்கு ஏறக்குறைய அதே முகம்தான். பேரன் முகத்தைத் தேடினால் பேரன் படங்களை எல்லாம் எடுத்துக் காட்டும். இதை நிறுவுவது மட்டும் கொஞ்சம் கைவேலை. மருமகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள், நாஸ் பெட்டி சொன்னவர் அவர்தானே.

இனி டிஸ்க். ஒன்று சர்வருக்குள். அதே கொள்ளளவில் இன்னொன்று யுஎஸ்பி எக்ஸ்டர்னல், மாதம் ஒருமுறை செருகி நகல் எடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வைக்க. உங்கள் மொத்தச் செலவில் கம்ப்யூட்டரைவிட இந்த இரண்டு டிஸ்க்குகளுக்கு அதிகம் போனால் கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: புது மதர்போர்டு, கண்ணாடி கேபினெட், கலர் கலராக எரியும் ஃபேன் எல்லாம் வாங்கிவிட்டு, டிஸ்க் மட்டும் ஒன்றே ஒன்று.

அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் வையுங்கள். லினக்ஸ் நண்பர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. சர்வர் என்றைக்காவது படுத்துவிட்டாலும், வீட்டில் யார் வேண்டுமானாலும் அதை எந்த விண்டோஸ் லேப்டாப்பிலும் செருகிப் படங்களைப் பார்க்க முடியும்.

கல்லூரி புராஜெக்ட்டுக்கு வாங்கிய ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு) சும்மா கிடக்கிறது. அதையே நாஸ் ஆக்கலாமா அண்ணா?
*பொறியியல் மாணவர், திருநெல்வேலி*

தாராளமாக ஆக்கலாம் தம்பி, கையில் இருக்கிறதே. இதற்கென்று புதிதாக வாங்காதே. போர்டு, அடாப்டர், கேஸ், கார்டு என்று கூட்டிப் பார்த்தால் மேலே ஆசிரியருக்குச் சொன்ன மெஷினின் விலை பக்கத்தில் வந்து நிற்கும்.

உன் தொந்தரவு எல்லாம் பவரில்தான் வரும். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் எல்லை. ஒரு இரண்டரை அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போதே ஏறக்குறைய அவ்வளவையும் இழுத்துவிடும். இரண்டாவது டிஸ்க்கைச் செருகினால் இரண்டும் மாறி மாறிக் காணாமல் போகும், நீ மென்பொருளில் கோளாறு தேடிக்கொண்டிருப்பாய். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் போட்டுவிடு. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், அது எப்படியும் சொந்த அடாப்டரோடுதான் வரும்.

மெமரி கார்டில் ஓஎஸ்ஸை ஓடவிட்டால் லாக் எழுதி எழுதியே கார்டு தேய்ந்துபோகும். பை 4 யுஎஸ்பியிலிருந்தே பூட் ஆகும், பழைய எஸ்எஸ்டி ஒன்று கிடைத்தால் அதில் போடு. உன் நண்பனிடம் பை 3 இருந்தால் அவனுக்கு இந்த யோசனையைச் சொல்லாதே. அதில் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் ஒரே யுஎஸ்பி 2 பாதையைப் பங்குபோடும். கோப்பு நகர்வதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். ஸ்டுடியோவில் இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 வைத்திருக்கிறேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இதற்கு மேலும் பேக்கப் என்று தனியாக வேண்டுமா?
*ஸ்டுடியோ உரிமையாளர், விருதுநகர்*

வேண்டும் சார். இந்தப் பகுதியில் எதற்கு இடம் கொடுக்காவிட்டாலும் இதற்குக் கொடுக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்று என் கடைக்கு வருகிறவர்களில் ஸ்டுடியோக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் இழப்பது சொந்தப் படமும் இல்லை, இன்னொரு வீட்டுக் கல்யாணம். திரும்ப எடுக்க முடியாத ஒன்று.

உங்கள் வேலையின் அளவைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் மூலப்படமான ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்பி. ஒரு கல்யாணத்தில் இரண்டு பேர் சேர்ந்து நாலாயிரம் கிளிக் என்றால் 100 ஜிபியைத் தாண்டிவிடும். 4கே வீடியோவை 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. முகூர்த்தம் நிறைந்த ஆவணியில் டெராபைட் கணக்கில் வந்து விழும். இதை ஆன்லைனில் ஏற்றுவது நடக்காத காரியம், வீட்டிலோ கடையிலோ டிஸ்க்தான் கதி.

ரெய்டு 1 என்பது எழுதுவதை எல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே எழுதும் முறை, ஒரு ஸ்டெப்னி டயர். ஒன்று பஞ்சரானால் வண்டி நிற்காமல் ஓடும். வண்டியே திருடு போனால் ஸ்டெப்னியும் கூடவே போகும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே பவர் சப்ளையில், ஒரே கூரைக்குக் கீழே. இடி இறங்கினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான். அசிஸ்டென்ட் பையன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியிலேயே இரண்டாவது டிஸ்க்கிலும் அது அழிந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் பூட்டிவிடும். அப்புறம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியிருப்பீர்கள். ஒரே வயது, ஒரே உழைப்பு. ஒன்று போனபின் புது டிஸ்க்கை மாட்டி, மிச்சமிருக்கும் கிழ டிஸ்க்கை முழுசாகப் படிக்கச் சொல்லும் நேரத்தில்தான் அதுவும் மூச்சு வாங்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையின் கவலையே வேறு: விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக விலை குறைந்த பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து எப்படி வேகம் எடுப்பது, நடுவில் ஒன்று இறந்தால் எப்படி வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது. நீங்கள் அழித்த கோப்பைத் திருப்பித் தருவதாக அவர்கள் வாக்குக் கொடுக்கவே இல்லை.

3-2-1 என்ற கணக்கை உங்கள் தொழில்காரர் ஒருவரே பிரபலமாக்கினார், அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் கிரோ. மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு இப்படிப் பிரித்துச் சொல்கிறேன்: சர்வரில் ஒன்று. ஸ்டுடியோ பீரோவில் செருகாமல் கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று. இன்னொரு எக்ஸ்டர்னல் உங்கள் வீட்டில். வாரம் ஒருமுறை பீரோ டிஸ்க்கும் வீட்டு டிஸ்க்கும் இடம் மாறட்டும். ஆல்பம் டெலிவரி கொடுத்து, கல்யாண வீட்டார் பார்த்துத் திருப்தி சொல்லும்வரை கேமராவின் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். இன்னொரு கார்டு வாங்குவது எவ்வளவோ மலிவு.

நகல் எடுக்கும் மென்பொருளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் 'மிரர்' முறையில் வைத்தால், நேற்று அழிந்த ஃபோல்டர் இன்று நகலிலிருந்தும் போய்விடும். ரெஸ்டிக் போல பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக வைத்திருக்கும் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மாறாத கோப்புகளைத் திரும்ப எழுதாது, இடமும் அதிகம் பிடிக்காது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் யாரும் செய்வதில்லை. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பழைய கல்யாணத்தை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்ப எடுத்து, நாலு படத்தைத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் அசதியில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் சுமார் நாலரை ஜிபிதான் மிச்சம். அவர்களிடம் ஒன்றுக்கு ஐந்து பாதுகாப்பு ஏற்பாடுகள் காகிதத்தில் இருந்தன. தினசரி பேக்கப் பல நாளாகவே சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது, அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. முழுநேரமும் இதே வேலையாக இருக்கும் நிறுவனத்துக்கே அந்த நிலைமை.

எந்நேரமும் ஓடினால் கரண்ட் பில் எகிறாதா?
*இல்லத்தரசி, பொள்ளாச்சி*

எஸ்எஃப்எஃப் மெஷினும் ஒரு டிஸ்க்கும் சும்மா இருக்கும்போது 25 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். ஒல்லி மெஷின் என்றால் இதில் பாதிதான். பையன் கேம் ஆடிக்கொண்டிருந்த பழைய பெரிய கம்ப்யூட்டரை சர்வராக்கினால் சும்மா இருக்கும்போதே 60 வாட் போகலாம், அது 86 யூனிட்.

36 யூனிட் பெரிதா சிறிதா என்பது உங்கள் வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 470 யூனிட்டில் இருக்கும் வீட்டை இது 500-க்கு மேல் தள்ளிவிட்டால் முழு பில்லின் கணக்கே மாறிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். ஏசி ஓடும் கோடை மாதங்களில் மட்டும் இரவு 11 முதல் காலை 6 வரை தானாக அணைந்து எழும்படி வைத்துவிடலாம். எழுப்பும் நேரத்தை அந்த ஆபீஸ் மெஷின்களின் பயாஸிலேயே, அதாவது ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பிலேயே, வைக்க முடியும்.

எல்லாம் போட்டாயிற்று. ஆனால் கோப்பு நகலெடுத்தால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. டிஸ்க் போலியா?
*வங்கி ஊழியர், ஈரோடு*

11 என்ற எண்ணைச் சொன்னதுமே விடை தெரிந்துவிட்டது. உங்கள் வழியில் எங்கோ 100 மெகாபிட் கண்ணி இருக்கிறது. இணைய இணைப்போடு வந்த ரௌட்டரின் பின்பக்க போர்ட்டுகள் பல மாடல்களில் 100 மெகாபிட்தான். ஒரு டெராபைட் நகலெடுக்க 25 மணி நேரம் ஆகும். அதே வேலை கிகாபிட்டில் இரண்டரை மணி நேரம். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, சர்வரையும் கம்ப்யூட்டரையும் அதில் செருகி, ரௌட்டருக்கு ஒரு வயர் மட்டும் கொடுங்கள்.

ஸ்விட்ச் மாற்றியும் 11-லேயே நின்றால் கேபிளின் முனையைப் பாருங்கள். கேபிள் போட வந்தவர் நாலு வயரை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருப்பார். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வைஃபையில் முதல் நகலை எடுக்க முயற்சிக்காதீர்கள், அது பொறுமைக்கான பரீட்சை.

அப்பாவின் கச்சேரி கேசட்டுகள், எங்கள் கல்யாண விஎச்எஸ் எல்லாம் டிஜிட்டலாக்கி சர்வரில் வைத்து டிவியில் பார்க்க ஆசை. சில படங்கள் டிவியில் தடுமாறுகின்றன, சப்டைட்டில் போட்டால் நின்றே விடுகிறது.
*நூலகர், மயிலாப்பூர்*

நல்ல காரியம் மேடம். கேசட்டிலிருந்து மாற்றித் தருபவரிடம் முதலில் மூல ஃபைலையே கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் வீடியோ (DV) என்கிற வடிவத்தில் ஒரு மணி நேர விஎச்எஸ் சுமார் 13 ஜிபி வரும். 'பென்டிரைவில் சின்னதாகச் சுருக்கித் தருகிறேன்' என்பார்கள், அதைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். சுருக்கியதிலிருந்து பழைய தரத்தை மீட்க முடியாது. கச்சேரிகளை எம்பி3 ஆக வாங்காமல் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவத்தில் வாங்குங்கள், தம்புரா சுருதியிலேயே வித்தியாசம் தெரியும். கேசட்டின் உறைமேல் அப்பா எழுதிய ராகப் பட்டியலையும் ஒரு படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

டிவியில் பார்க்க, சர்வரில் இருக்கும் படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் போதும். 2018 கடைசியில் எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூல நிரலைத் திறந்து வைப்பதை நிறுத்தியபோது, பிரிந்து வந்தவர்கள் உருவாக்கியது. எதற்கும் காசு கேட்காது.

தடுமாற்றத்துக்குக் காரணம் டிரான்ஸ்கோடிங். டிவிக்குப் புரியாத வடிவத்தில் படம் இருந்தால் சர்வர் ஓடும்போதே அதை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். சப்டைட்டிலில் இரண்டு ஜாதி. எழுத்தாக இருப்பது லேசாகப் போய்விடும். புளூரேயிலிருந்து வருவது படமாக இருக்கும், பல டிவிகளில் அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒட்டித்தான் அனுப்பியாக வேண்டும். பை மாதிரி சின்ன போர்டு அங்கே திணறிவிடும். இன்டெல் மெஷினில் குவிக் சிங்க் என்று இதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. ஜெல்லிஃபின் அமைப்பில் அதை இயக்கிவிடுங்கள். 10 பிட் எச்இவிசி (ஒரு வீடியோ சுருக்க முறை) படங்கள் நிறைய வைத்திருந்தால் ஏழாம் தலைமுறை மெஷினாகப் பார்த்து வாங்குங்கள், ஆறாம் தலைமுறையின் சுற்று அங்கே கைவிட்டுவிடும். உங்கள் விஎச்எஸ்ஸுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

சிங்கப்பூரில் வேலை. காரைக்குடி வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள். அங்கே ஒரு சர்வர் வைத்து இங்கிருந்து பயன்படுத்தலாமா? ரௌட்டரில் போர்ட் திறந்தால் போதும் என்கிறார் நண்பர்.
*சிங்கப்பூர் வாசகர்*

போர்ட்டைத் திறக்காதீர்கள். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பழைய நெட்வொர்க் டிஸ்க்குகளை உலகமெங்கும் யாரோ தூரத்திலிருந்தே துடைத்துவிட்டார்கள். காலையில் எழுந்தவர்களுக்கு வெறும் டிஸ்க். 2015-க்குப் பிறகு அதற்கு மென்பொருள் திருத்தம் வருவதே நின்றிருந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. வீட்டு சர்வருக்கு இணையத்தில் வாசல் வைத்தால், தட்டிப் பார்க்க ஆள் வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, இங்கே பல வீட்டு இணைப்புகளில் நமக்கென்று தனி ஐபி முகவரியே கிடையாது. ஒரு முகவரியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன. நண்பர் சொன்னபடி போர்ட்டைத் திறந்தாலும் ஒன்றும் வந்து சேராது.

டெயில்ஸ்கேல் போடுங்கள். ஒயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) முறையில் ஓடுகிறது, தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். காரைக்குடி சர்வரிலும் உங்கள் போனிலும் நிறுவிவிட்டால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும்.

உங்களுக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது: இரண்டு நாட்டில் இரண்டு வீடு. சிங்கப்பூரில் ஒரு டிஸ்க், காரைக்குடியில் ஒரு டிஸ்க், இரவில் ஒன்றின் நகல் மற்றொன்றுக்கு. முதல் நகலை மட்டும் இணையத்தில் அனுப்பாமல், பொங்கலுக்கு வரும்போது டிஸ்க்கைக் கையில் கொண்டுவந்து மாட்டுங்கள். அதற்குப் பிறகு தினம் சேரும் புதுப்படங்கள் மட்டும்தான் பயணம் செய்யும். பயாஸில், கரண்ட் போய் வந்தால் தானாகவே ஆன் ஆகும்படி வைத்துவிட்டுப் போங்கள். அப்பாவை நடுராத்திரி எழுப்பி 'அந்தப் பட்டனை அமுக்குங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்காது.

பழைய டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*டூவீலர் மெக்கானிக், தேனி*

மெஷின் பழசு வாங்கலாம், டிஸ்க் பழசு கூடாது என்பது என் கட்சி. கட்டாயம் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் கணக்கை, பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் இல்லையென்றால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கின் குற்றமில்லை.

ஓடிய மணி நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். வண்டியின் கிலோமீட்டரைத் திருப்பி வைப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஏற்கெனவே ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளை மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுசாகவே விற்றிருந்தது வெளியே வந்தது. டிஸ்க்குக்குள்ளேயே ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருந்ததால் அகப்பட்டது.

புதிது வாங்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? இரண்டும் டிஸ்க்கில் தடங்களை எழுதும் விதம். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும், ஒரு இடத்தில் மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பாட்டும் படமும் ஒருமுறை எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கப் போதும். ரெய்டில் போட்டால் ஆமை. 2020-இல் டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை பல டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய ரகளையானது. அதற்கப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப்பெயர் வந்தது.

சர்வரைப் பரணில் வைக்கலாமா? யுபிஎஸ் தேவையா?
*அரசு ஊழியர், கடலூர்*

பரண் வேண்டாம். சித்திரை வெயிலில் காங்கிரீட் கூரையின் அடியில் டிஸ்க் வேகும். ஓடும்போது 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி, ஓப்பன்மீடியாவால்ட்டிலேயே வெப்பத்தைப் பார்க்கலாம். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, பின்பக்கம் காற்றுப் போகிற மாதிரி வையுங்கள். காலியாக இருக்கும் ஸ்லாட் ஓட்டைகளை டேப் போட்டு அடைத்துவிடுங்கள், பல்லி போர்டில் படுத்து உயிரையும் போர்டையும் சேர்த்து விட்ட கேஸ்கள் கடைக்கு வருவதுண்டு. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் வருஷம் ஒருமுறை மூடியைத் திறந்து சாட்டா, பவர் கனெக்டர்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

யுபிஎஸ் அவசியம், சின்னதே போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் 'யுபிஎஸ் மோட்' சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அதில் வைத்தால் கரண்ட் மாறும் இடைவெளி குறைந்து மெஷின் அணையாது. ஆனால் பேட்டரி தீரும்போது சர்வரிடம் சொல்ல இன்வெர்ட்டருக்கு வாய் கிடையாது. யுஎஸ்பி கேபிளோடு வரும் யுபிஎஸ் என்றால் தகவல் சொல்லும், சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். புயல் நேரத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் உங்களுடையது. வானிலை எச்சரிக்கை வந்தால் சர்வரை அணைத்து, பவர் பிளக், நெட்வொர்க் வயர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். இடி நெட்வொர்க் வயர் வழியாகவும் வரும்.

4 டிபி டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் 3.63 டிபி என்றுதான் காட்டுகிறது. மிச்சம் எங்கே?
*கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

எங்கேயும் போகவில்லை. டிஸ்க் கம்பெனி ஒரு டெராபைட்டை ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது. நான்கு லட்சம் கோடி பைட் இரண்டிலும் அதேதான். கடைக்காரரோடு சண்டை போட்டிருந்தால் சமாதானமாகிக்கொள்ளம்மா, அடுத்த டிஸ்க்கும் அவரிடம்தான் வாங்கப் போகிறாய்.